தூரம் அப்படியே இருக்கிறது: சென்னையிலிருந்து ஜித்தா வரை ஒரு பயண வரலாறு

சென்னை விமான நிலையத்துக்கும் ஜித்தாவின் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் செல்லும் விமானம் இதனைச் சுமார் ஆறு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. காலை 10 மணிக்குச் சென்னையில் புறப்படுபவர், நம் கடிகாரப்படி மாலை 4 மணிக்கு இறங்குகிறார். ஜித்தாவிலோ அப்போது பிற்பகல் 1.30 மணிதான். லுஹர் தொழுகையின் நேரம்கூட அங்கே இன்னும் முடிந்திருக்காது.

நம் முன்னோருக்கு இதே தூரம் பல மாதப் பயணமாக இருந்தது. அவர்களில் பலர் சென்றார்கள், அனைவரும் திரும்பவில்லை. இடையில் மண்ணும் கடலும் மாறிவிடவில்லை. அல்லாஹ் படைத்த தூரம் அப்படியே இருக்கிறது. அதைக் கடக்கும் நேரம் மட்டுமே சுருங்கியிருக்கிறது. இந்தச் சுருக்கத்தால் நாம் பெற்றது எது, நம்மை அறியாமல் இழந்துகொண்டிருப்பது எது என்பதை வரலாற்றின் வழியே சிந்திப்பது பயனுள்ளது.

தூரத்தை அளந்த அறிஞர்கள்

இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை இன்று கணினி நொடியில் சொல்லிவிடுகிறது. அதற்கு வேண்டியவை இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, பூமியின் அளவு ஆகிய மூன்றே. உருண்டையான பூமியின் மீது இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி, பூமியின் நடுவைச் சுற்றும் ஒரு பெருவட்டத்தின் பகுதியாகும். பூகோள உருண்டையின் மேல் இரு ஊர்களுக்கு இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் அந்த வழி தெரியும்.

இந்தக் கணக்கை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள். அவர்களை அதற்குத் தூண்டியவற்றுள் முதன்மையானது கிப்லா. தொலைதூர ஊரில் தொழ நிற்பவர் எந்தத் திசையில் முகம் திருப்ப வேண்டும் என்பதை அறிய, அவ்வூரும் மக்காவும் பூமியில் எங்கெங்கே உள்ளன என்பது தெரிந்தாக வேண்டும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் கலீஃபா மஃமூனின் ஆணைப்படி அறிஞர் குழுவினர் ஸின்ஜார் சமவெளியில் நடந்து, ஒரு பாகை அட்சரேகை மாறுவதற்கு எத்தனை மைல் செல்ல வேண்டும் என்று நேரில் அளந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த அல்-பீரூனி (ரஹ்) அவர்கள், கி.பி. 997இல் ஒரு சந்திர கிரகணத்தைத் தம் ஊரான காத்தில் இருந்து கவனித்தார். அதே கிரகணத்தை அபுல் வஃபா அவர்கள் பாக்தாதில் இருந்து கவனித்தார். இருவரும் குறித்த நேரங்களை ஒப்பிட்டபோது ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு தெரிந்தது. அந்த நேர வேறுபாட்டிலிருந்து இரு ஊர்களின் தீர்க்கரேகை வேறுபாட்டை அவர்கள் கணித்தார்கள். பிற்காலத்தில் நந்தனா கோட்டைக்கு அருகிலிருந்த மலையுச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்பதை அளந்து, பூமியின் ஆரத்தையும் அல்-பீரூனி கணக்கிட்டார். கி.பி. 1025இல் அவர் நிறைவு செய்த 'தஹ்தீது நிஹாயாதில் அமாகின்' என்னும் நூல், கஸ்னா நகரின் இருப்பிடத்தையும் அதன் கிப்லாவையும் நிறுவுவதற்கென்றே எழுதப்பட்டது.

அவர் பயன்படுத்திய அதே நெறியை நம் பயணத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு 41 பாகை. சூரியன் ஒரு பாகையைக் கடக்க நான்கு நிமிடமாகும். எனவே இரு ஊர்களின் நண்பகலுக்கும் இடையே 2 மணி 44 நிமிட வேறுபாடு உண்டு. நாடுகள் தங்கள் வசதிக்காக வகுத்த கடிகார வேறுபாடு 2 மணி 30 நிமிடம். மேலும், சென்னையின் கிப்லா மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்தது. ஜித்தாவை நோக்கி எழும் விமானமும் ஏறத்தாழ அத்திசையிலேயே செல்கிறது. அதாவது, ஹாஜி தம் இருக்கையில் அமர்ந்தவாறே பெரும்பகுதி வழியில் கிப்லாவை முன்னோக்கியே பயணம் செய்கிறார்.

நேரமே அளவுகோலாக இருந்த காலம்

கிலோமீட்டர் என்னும் அளவு வருமுன் பயணிகள் தூரத்தை நேரத்தால் அளந்தார்கள். தரைவழியில் ஒரு நாள் பயணத்துக்கு 'மர்ஹலா' என்று பெயர். கடல்வழியில் அரபு மாலுமிகள் 'ஸாம்' என்னும் அளவைக் கையாண்டார்கள். ஒரு ஸாம் என்பது மூன்று மணி நேரம் பாய் விரித்து ஓடும் தூரம். ஒரு நாளுக்கு எட்டு ஸாம். பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும் மாலுமியான அஹ்மத் இப்னு மாஜித் அவர்கள் இந்தியப் பெருங்கடலின் வழிகளை விளக்கி எழுதியபோது பயன்படுத்திய அளவு இதுவே. தமிழில் நாம் வழங்கும் 'சாமம்' என்பதும் மூன்று மணி நேரத்தையே குறிக்கிறது என்பது சிந்தனைக்குரியது.

கடற்பயணத்தின் நேரத்தை மனிதன் முடிவு செய்யவில்லை. காற்று முடிவு செய்தது. குளிர்காலத்தில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மரக்கலங்களை இந்தியக் கரையிலிருந்து அரபுக் கரைக்குத் தள்ளிச் சென்றது. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தது. அக்காற்று கடுமையாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் மேலைக்கரைத் துறைமுகங்கள் கப்பல்களுக்கு அடைத்தே கிடந்தன. காயல்பட்டினம், கீழக்கரை, நாகப்பட்டினம் போன்ற நம் கரைகளிலிருந்து கடல்வழியே புறப்படுவோர் முதலில் தென்முனையைக் கடந்து மேலைக்கடலை அடைய வேண்டியிருந்தது.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. காற்று சூரிய ஆண்டைப் பின்பற்றுகிறது; ஹஜ்ஜோ சந்திர ஆண்டைப் பின்பற்றுகிறது. துல்ஹஜ் மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. ஆகவே சில ஆண்டுகளில் கப்பல் கரை சேர்ந்த சில வாரங்களிலேயே ஹஜ் வந்தது. வேறு சில ஆண்டுகளில் ஹாஜிகள் ஹரம் ஷரீஃபின் அருகில் பல மாதங்கள் காத்திருந்தார்கள். ஹஜ் முடிந்த பின்னும் திரும்பும் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பில் கல்வி கற்றவர்கள் உண்டு. வணிகம் செய்தவர்கள் உண்டு. அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு.

தரைவழியும் எளிதாக இருக்கவில்லை. தான்ஜியர் நகரிலிருந்து 1325இல் தம் 21ஆம் வயதில் புறப்பட்ட இப்னு பதூதா, 1326இன் இறுதியில்தான் தம் முதல் ஹஜ்ஜை நிறைவேற்றினார். பிற்காலத்தில் மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கும் வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தவர் அவர். மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகக் கூட்டத்துடன் செல்லப் பத்து நாளுக்கு மேல் ஆனது. 2018இல் தொடங்கப்பட்ட ஹரமைன் விரைவு ரயில் அவ்விரு நகரங்களையும் இரண்டரை மணி நேரத்துக்குள் இணைத்துவிட்டது.

கடலின் அச்சங்கள்

முகலாயர் காலத்தில் சூரத் துறைமுகம் 'பாபுல் மக்கா', அதாவது மக்காவின் வாசல், என்று அழைக்கப்பட்டது. அவ்வாசலின் வழியே சென்றவர்களுக்குக் காற்றைவிட மனிதர்களே பெரிய அச்சமாக இருந்தார்கள். போர்ச்சுகீசியர் தங்கள் அனுமதிச் சீட்டு இல்லாத கப்பல்களைக் கைப்பற்றினார்கள். 1695இல் ஹாஜிகளுடன் திரும்பிக்கொண்டிருந்த 'கஞ்ச்-இ-சவாய்' என்னும் முகலாயக் கப்பலை ஆங்கிலேயக் கடற்கொள்ளையன் ஹென்றி எவரி தாக்கிச் சூறையாடினான். பயணிகள் சொல்லொணாக் கொடுமைக்கு உள்ளானார்கள். வழியில் பாதுகாப்பு இருப்பது ஹஜ் கடமையாவதற்கான நிபந்தனைகளுள் அடங்கும் என்று ஃபிக்ஹ் நூல்கள் கூறுவது இத்தகைய அனுபவங்களின் பின்னணியில் நமக்கு இன்னும் தெளிவாக விளங்குகிறது.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றுக்காகக் காத்திருக்கும் தேவை மறைந்தது. நம் பகுதி ஹாஜிகள் ரயிலேறி மும்பை சென்று, அங்குள்ள முஸாஃபிர்கானாக்களில் தங்கிக் கப்பலேறினார்கள். ஏழைகளுக்கும் ஹஜ் எட்டத் தொடங்கியது. ஆனால் விரைவோடு வேறு துன்பங்களும் வந்தன. பேராசை கொண்ட கப்பல் முதலாளிகள் அளவுக்கு மீறி மக்களை ஏற்றினார்கள். 1880இல் சிங்கப்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் ஹாஜிகளை ஏற்றிச் சென்ற 'ஜித்தா' என்னும் கப்பலில் நீர் புகுந்தபோது, அதன் தலைவரும் அதிகாரிகளும் பயணிகளைக் கைவிட்டுப் படகில் தப்பினார்கள். ஏடன் துறைமுகத்தை அடைந்து, கப்பல் மூழ்கிவிட்டது என்றும் அறிவித்தார்கள். அல்லாஹ்வின் நாட்டம் வேறாக இருந்தது. நீரை இறைத்து இறைத்துக் கப்பலை மிதக்க வைத்திருந்த அந்த ஹாஜிகள், வேறொரு கப்பலால் இழுக்கப்பட்டு உயிருடன் ஏடன் வந்து சேர்ந்தார்கள்.

நோயும் விரைவாகப் பரவியது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா நோயால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்ததாகக் கணிக்கப்படுகிறது. அதன் பின்னர் 1882இல் செங்கடலின் கமரான் தீவில் தனிமை முகாம் அமைக்கப்பட்டது. தெற்கிலிருந்து வந்த ஹாஜிகள் அங்கே இறக்கப்பட்டு, உடைமைகள் கிருமி நீக்கப்பட்டு, நாள்கணக்கில் தங்க வைக்கப்பட்டார்கள். பயணத்தின் தூரம் குறையாமலே அதன் நேரம் நீண்டது.

மும்பையிலிருந்து ஜித்தாவுக்குக் கடல்வழி சுமார் 2,300 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 4,260 கிலோமீட்டர். வான்வழியிலோ 3,500 கிலோமீட்டர்தான். கப்பல் அரேபியத் தீபகற்பத்தைத் தெற்கே சுற்றி, ஏடனைக் கடந்து, பாபுல் மந்தப் நீரிணை வழியாகச் செங்கடலுக்குள் நுழைய வேண்டியிருந்ததே இதற்குக் காரணம். ஒன்று முதல் இரண்டு வாரம் வரை நீடித்த இக்கப்பல் பயணம், 1995இல் இந்தியாவில் முடிவுக்கு வந்தது. அதன் பின் நம் ஹாஜிகளுக்கு வானமே வழியானது.

ஜித்தாவின் விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. பாலைவனக் கூடாரங்களை நினைவூட்டும் அதன் ஹஜ் முனையத்தின் வெண்கூரையை உருவாக்கிய பொறியாளர், டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். உலகின் மிக உயர்ந்த கட்டடங்கள் சிலவற்றையும் வடிவமைத்த அவர், 1982இல் அதே ஜித்தா நகரில் இறையடி சேர்ந்தார்.

ஷரீஅத் தூரத்தையே பார்க்கிறது

ஆறு மணி நேரக் குளிரூட்டப்பட்ட பயணத்துக்கும் முஸாஃபிருக்குரிய சலுகைகள் உண்டா என்று இளைஞர்கள் வினவுவதுண்டு. இதற்கான விடையை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இமாம்கள் தந்துவிட்டார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், நம் மதரஸாக்களில் இன்றும் ஓதப்படும் 'மின்ஹாஜ்' நூலில், கடல் பயணமும் தரைப் பயணத்தைப் போன்றதே என்றும், கஸ்ருக்குரிய மைல்களை ஒருவர் கடலில் சிறிது நேரத்திலேயே கடந்துவிட்டாலும் அவர் கஸ்ர் செய்யலாம் என்றும் கருத்துரைக்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் பயணத் தூரம் அளவாகக் கொள்ளப்படுகிறது. அதை ஒருவர் விரைந்து குறைந்த நாளில் கடந்தாலும் சட்டம் மாறுவதில்லை. இரு மத்ஹபுகளிலும் இக்கால அளவில் சொல்லப்படும் தூரம், சிறு வேறுபாடுகளுடன், ஏறத்தாழ 80 கிலோமீட்டர். சென்னைக்கும் ஜித்தாவுக்கும் இடையே உள்ளது அதைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல். வாகனம் விரைவானது என்பதற்காக அல்லாஹ் தன் சலுகையைத் திரும்பப் பெறவில்லை.

சலுகை குறையாதது போலவே கடமையும் குறையவில்லை. இதற்கு மீக்காத் தெளிவான சான்று. நபி (ஸல்) அவர்கள் யமன் வழியே வருவோருக்கு யலம்லமையும், நஜ்து வழியே வருவோருக்குக் கர்னுல் மனாஸிலையும் எல்லையாக வகுத்தார்கள். கப்பலில் சென்ற நம் முன்னோர் யலம்லமுக்கு நேராக வரும்போது இஹ்ராம் பூண்டார்கள். கப்பல் மெதுவாகச் சென்றதால் குளிக்கவும் ஆடை மாற்றவும் நிய்யத் வைக்கவும் அவர்களுக்குப் போதிய அவகாசம் இருந்தது. விமானத்தில் அந்த அவகாசம் இல்லை. முழு வேகத்தில் பறக்கும் விமானம் நிமிடத்துக்கு 15 கிலோமீட்டர் கடக்கிறது. ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் 75 கிலோமீட்டர் கடந்துபோகும். அது ஜித்தாவுக்கும் மக்காவுக்கும் இடையே உள்ள தூரம்.

விமானத்தில் வருவோரும் மீக்காத்துக்கு நேராக வரும்போது இஹ்ராம் பூண வேண்டும் என்று 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு செய்தது. ஜித்தாவில் இறங்கிய பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டு, பின்னர் தம் கொடுத்துப் பரிகாரம் தேடுவோர் இருக்கிறார்கள். வீட்டிலோ விமான நிலையத்திலோ குளித்து, இஹ்ராம் ஆடையை உடுத்திக்கொண்டு, மீக்காத் நெருங்கும் அறிவிப்பு வந்ததும் நிய்யத் வைத்துத் தல்பியா ஓதுவது பேணுதலான முறை. முதியவர்களை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

இடம் மாறிய தொலைவு

மனிதர்களால் பெரும் சிரமமின்றிச் சென்றடைய முடியாத ஊர்களுக்குக் கால்நடைகள் சுமைகளைச் சுமந்து செல்வதை அந்நஹ்ல் அத்தியாயம் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. அடுத்த வசனத்திலேயே, மனிதர்கள் அறியாதவற்றையும் அல்லாஹ் படைப்பான் என்று அறிவிக்கிறது. விமானத்தில் அமரும் ஒவ்வொரு முறையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வசனங்கள் இவை.

அருட்கொடைக்கு நன்றி செலுத்துவதோடு, நாம் இழந்ததையும் அறிந்திருக்க வேண்டும். முன்னோருக்குப் பயணத்தின் மாதங்களே பயிற்சிக் காலமாக இருந்தன. கடலில் பசியையும் அச்சத்தையும் தாங்கிய நாள்களில் அவர்கள் உள்ளம் பண்பட்டது. உடன் வந்தவரோடு ஒரே தண்ணீரைப் பங்கிட்டபோது பொறுமை கற்றார்கள். திரும்பி வருவோமா என்பது தெரியாததால் கடனைத் தீர்த்து, அமானிதங்களை ஒப்படைத்து, வஸிய்யத் எழுதி, உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் புறப்பட்டார்கள். கஅபாவைக் கண்ணால் காணும் முன்பே அவர்களுடைய ஹஜ்ஜின் பாதி நடந்துவிட்டிருந்தது. இன்று காலையில் கடைக் கணக்கைப் பார்த்துவிட்டு மாலையில் ஜித்தாவில் இறங்க முடிகிறது. உடல் ஆறு மணி நேரத்தில் சென்று சேர்ந்துவிடுகிறது. உள்ளத்துக்கு அந்த நேரம் போதுமா?

மறுபுறம், ஹஜ்ஜின் தொலைவு முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. அது இடம் மாறியிருக்கிறது. நாடுகளுக்கு ஒதுக்கீடு, குலுக்கல், கட்டணத்துக்கான நெடுங்காலச் சேமிப்பு என்று இப்போது ஹஜ்ஜின் காத்திருப்பு நம் வீடுகளிலேயே நடக்கிறது. இந்தோனேசியாவின் பல பகுதிகளில் பதிவு செய்தவர் இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கிறார். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனா பெருந்தொற்றால் வெளிநாட்டு ஹாஜிகள் எவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. ஆறு மணி நேர வழி இரண்டு ஆண்டுகள் முழுமையாக மூடிக் கிடந்தது. ஆலு இம்ரான் அத்தியாயம் ஹஜ் கடமையைக் கூறுமிடத்தில், அங்கே செல்ல வழி பெற்றவர் மீது என்றே வரையறுக்கிறது. வழி என்பது கிலோமீட்டரில் அடங்குவதன்று என்பதை அவ்விரு ஆண்டுகளும் உலகுக்கு உணர்த்தின.

எனவே முன்னோர் கடலில் கழித்த மாதங்களை நாம் வீட்டிலேயே கழிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். விண்ணப்பம் அளித்த நாளையே கப்பலேறிய நாளாகக் கருதலாம். அன்றிலிருந்தே கடன்களைத் தீர்க்கத் தொடங்கலாம். பிரிந்திருக்கும் உறவுகளைச் சேர்க்கலாம். சொத்தில் சகோதரிகளுக்குரிய பங்கு நிலுவையில் இருந்தால் அதை முதலில் கொடுக்கலாம். ஹஜ்ஜின் சட்டங்களை ஆலிம்களிடம் அமர்ந்து குடும்பத்தோடு கற்கலாம். இவ்வாண்டு பெயர் வராவிட்டால், காற்றுக்காகக் கரையில் காத்திருந்த அந்த ஹாஜிகளை எண்ணிப் பொறுமை கொள்ளலாம்.

தொலைவுகளை நமக்குச் சுருக்கித் தந்த அல்லாஹ், தன் ஆலயத்தின் பக்கம் நம் உள்ளங்களையும் நெருக்கி வைப்பானாக! வழி கிடைக்கக் காத்திருப்போருக்கு வழியைத் திறந்து, சென்று வந்தோரின் ஹஜ்ஜை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.